இலக்கண விதிகளுக்கு அவற்றின் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்: பராமரிப்பாளர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பராமரிப்பாளர் குழுவினருக்கு,

பைத்தான் நிரல்மொழியில் நாம் எழுதிவரும் சந்திப்பிழை திருத்தியின் முதன்மைக் கிளையில், அதாவது அதன் மூல நிரலில், நீங்கள் சேர்த்திருக்கும் புதிய நிரல் பாணி விதிகளில் ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. மாறி, ஃபங்ஷன், கிளாஸ், சோதனை என எதன் பெயரானாலும் ஆஸ்கி எழுத்துகளில்தான், அதாவது ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டும் உள்ள அடிப்படைக் குறித்தொகுப்பில்தான், இருக்க வேண்டும். குறிப்புரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். மேற்கோள்குறிகளுக்கு வெளியே ஒரு தமிழ் எழுத்து தென்பட்டாலும் தானியங்கிச் சோதனை சிவப்பாகி, தோல்வி காட்டிவிடும். இதுதான் அந்த விதி. அறிவித்த அன்றே பழைய நிரல் முழுவதையும் அதன்படி மாற்றியும் விட்டீர்கள். எங்களுக்கு அது முடிந்த காரியமாகத்தான் வந்து சேர்ந்தது.

தனியாகக் கேட்டபோது, "பாணி விஷயம்தானே, இதற்கெல்லாம் விவாதமா?" என்று பதில் வந்தது. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

பாணி விதிகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா, கடைசிக் காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று புல் ரிக்வெஸ்ட்களில் (மாற்றங்களை இணைக்கக் கோரும் விண்ணப்பங்களில்) நாம் அடித்துக்கொண்டதெல்லாம், நிரலின் வடிவத்தைத் தானே சீராக்கும் பிளாக் கருவி வந்ததும் ஓய்ந்தது. அதன் 88 எழுத்து வரிநீளம் எனக்குப் பிடிக்காது. பைத்தானின் பாணி வழிகாட்டியான பெப் 8 சொல்லும் 79-க்குப் பழகிப்போன கண் என்னுடையது. இருந்தாலும் கருவி போட்டது போட்டபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், நிம்மதியாகவும் இருக்கிறது. இடைவெளி, அடைப்புக்குறி, வரி உடைப்பு எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளலாம். பெயரை அப்படி விட முடியாது. ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றும்போது, அது என்ன செய்கிறது என்று அடுத்தவர் நினைப்பதையும் சேர்த்தே மாற்றுகிறீர்கள்.

மயங்கொலிப் பிழை பார்க்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். ல, ள, ழ குழப்பத்தையும் ண, ந, ன குழப்பத்தையும் பிடிப்பதுதான் அந்தக் கோப்பின் ஒரே வேலை. முன்பு அங்கே லகர_ளகரம், ளகர_ழகரம், டண்ணகர_றன்னகரம் என்று ஃபங்ஷன்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த யாருக்கும் பார்த்தவுடன் புரியும். இப்போது எல்1, எல்2, எல்3 என்றும் என்1, என்2, என்3 என்றும் இருக்கின்றன. எது எந்த எழுத்து என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. நானே ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ணகரக் கூட்டத்துக்கு அகரவரிசைப்படி எண் போட்டிருக்கிறீர்கள்: ண 1, ந 2, ன 3. லகரக் கூட்டத்துக்கோ வாய்வழக்கு வரிசை: ல 1, ள 2, ழ 3. அகரவரிசையில் ழகரம்தான் ளகரத்துக்கு முன்னால் வரும். ஒருவர் ஒரு முறையில் எண்ணிட, இன்னொருவர் வேறு முறையில் எண்ணிட்டிருக்கிறார். சீர்மைக்காகக் கொண்டுவந்த விதியின் முதல் விளைச்சல் இது.

எண் போட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்கு வேறு வழியில்லை. ளகரத்துக்குப் பெரிய எல், ணகரத்துக்குப் பெரிய என் என்று எழுதுவது பலருக்குப் பழக்கம். ஆனால் ஃபங்ஷன் பெயர்கள் சிற்றெழுத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்று, பாணி விதிகளைச் சரிபார்க்கும் கருவியான லிண்டர் தடுக்கிறது. முறையான ஒலிபெயர்ப்புக்குப் போகலாம் என்றால், 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 15919 தரமும் சரி, 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் முறையும் சரி, எல்லுக்குக் கீழே கோடிட்டு ழகரத்தையும் புள்ளி வைத்து ளகரத்தையும் காட்டுகின்றன. அந்தக் கோடும் புள்ளியும் ஆஸ்கியின் 128 இடங்களுக்குள் இல்லை. அதாவது, தமிழை ஐயத்துக்கு இடமில்லாமல் ரோமன் எழுத்தில் எழுதும் தரமுறைகளையும் உங்கள் விதி தடுக்கிறது. மிஞ்சுவது அவரவர் கைப்பழக்கம். ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுகிறார், இன்னொருவர் வெறும் எல் போடுகிறார். 'உயிர்மெய்' என்ற ஒரு சொல்லே இன்று நம் நிரல் களஞ்சியத்தில் மூன்று எழுத்துக்கூட்டல்களில் இருக்கிறது, ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் கிடைப்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பங்களிப்பாளர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும் விதம் மதுரைக்காரருடையதோடு ஒத்துப்போவதில்லை. இருவரும் படித்த நன்னூல் என்னவோ ஒன்றுதான்.

இனி, இந்த மடலை எழுத வைத்த வழுவுக்கு வருகிறேன்.

எதிர்மறைப் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது: ஓடாத குதிரை, தெரியாத பெயர். அதன் கடைசி எழுத்து கெட்டுப்போய் நிற்கும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும்: ஓடாக் குதிரை, தெரியாப் பெயர். ஓர் எழுத்து இருந்தால் ஒரு விதி, இல்லாவிட்டால் நேர்மாறான விதி. இரண்டுக்கும் தனித்தனி ஃபங்ஷன் இருந்தது, தனித்தனிச் சோதனை இருந்தது. பெயர்களும் இலக்கண நூலில் உள்ளபடியே இருந்தன: எதிர்மறைப்_பெயரெச்சம், ஈறுகெட்ட_எதிர்மறைப்_பெயரெச்சம்.

உங்கள் பெயர்மாற்றத்தில் இரண்டுமே 'நெகட்டிவ் பார்ட்டிசிபிள்' ஆகிவிட்டன. ஒன்றின் வாலில் மட்டும் 'ஷார்ட்' ஒட்டிக்கொண்டது. அடுத்து வந்த பங்களிப்பாளர் பொறுப்பானவர், நிரலைக் கவனமாகப் படிப்பவர். ஒரே வேலைக்கு இரண்டு ஃபங்ஷன் இருப்பதாக அவருக்குப் பட்டது. சோதனைகளைப் பார்த்தால், எதிர்மறை எச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்கிறது ஒன்று, மிகாது என்கிறது இன்னொன்று. முரண்பாடாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? இரண்டு ஃபங்ஷனையும் ஒன்றாக்கி, ஒரு சோதனையையும் 'திருத்தி' அனுப்பினார். வடிவம் சரி, லிண்டர் சரி, சோதனைகள் எல்லாம் பச்சை. உங்களில் இருவர் ஒப்புதல் கொடுத்தீர்கள். அன்று முதல் நம் கருவி 'ஓடாத குதிரை' என்று சரியாக எழுதியவரிடம் 'ஓடாதக் குதிரை' என்று திருத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது நம்மில் யாருமல்ல. ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் எழுதினார். கருவி சொன்னதை நம்பி ஒரு நூலின் பல பக்கங்களில் ஒற்று சேர்த்துவிட்டாராம். அவருக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது எனக்கு. பாணி விதியால் வந்த வினை என்று அவரிடம் எப்படி விளக்குவது?

இது அந்த ஒரு விதியோடு நிற்கவில்லை. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது: கதை சொன்னான். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையில் மிகும்: தயிர்க் குடம். பின்னதன் பெயர் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் அதை மூச்சுவிடாமல் சொல்லக் கஷ்டப்படாதவர் உண்டா? ஆனால் அந்த நீளத்துக்குள்தான் விதி முழுவதும் இருக்கிறது. உருபு மறைந்திருக்கிறது, அதன் பொருளை விளக்கும் சொல்லும் உடன் மறைந்திருக்கிறது, ஆகவே தயிரை உடைய குடம். நீங்கள் வைத்திருக்கும் 'கேஸ்2 காம்பவுண்ட் பி' என்ற பெயரில் இதில் எது இருக்கிறது? 'ஏ' எது, 'பி' எது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி உள்ளே படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கோப்புகளைப் படிப்பவர் யார் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். பணியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நம் விதிக் கோப்புகளைத் தொடர்ந்து சரிபார்த்து வந்தார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. 'இஃப்', 'ரிட்டர்ன்', 'நாட்' என்ற சொற்களுக்கு மட்டும் விளக்கம் கேட்டுக்கொண்டு, மீதியைத் தமிழாகவே படித்துவிடுவார். "தம்பி, குற்றியலுகரத்துக்கு இந்த நிபந்தனை பொருந்தும், முற்றியலுகரத்தை ஏன் இதிலேயே சேர்த்தீர்கள்?" என்று வரி எண் குறிப்பிட்டுக் கேட்பார். முதுகலைத் தமிழ் மாணவர்கள் சிலரும் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருவர் பிறகு பைத்தானே கற்றுக்கொண்டு வேற்றுமைப் பகுதியில் கமிட் செய்யத் (மாற்றங்களைப் பதியத்) தொடங்கினார். பெயர்மாற்றத்துக்குப் பிறகு ஆசிரியரிடமிருந்து ஒரு குறிப்பும் வரவில்லை. கேட்டதற்கு, "இப்போது அது எனக்கு வாசிக்க வரவில்லையே" என்றார். 'ஈறுகெட்ட' என்ற சொல் அந்த இடத்தில் இருந்திருந்தால், இரண்டு ஃபங்ஷனையும் ஒன்றாக்கிய மாற்றத்தை அவர் ஒரு பார்வையில் நிறுத்தியிருப்பார்.

உங்கள் தரப்பு வாதங்களை அறிவிப்பில் எழுதியிருந்தீர்கள். அவற்றுக்கு என் பதில் இது.

முதலில் பெப் 8. பைத்தான் மையக் குழுவின் அந்தப் பாணி வழிகாட்டி 2001 முதல் இருக்கிறது. பெயர்கள் ஆஸ்கியில் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுவது பைத்தானின் செந்தர நூலகத்துக்கு. உலகளாவிய வாசகர் உள்ள திறந்த மூலத் திட்டங்களும் அவ்வாறே செய்யலாம் என்று ஊக்குவிக்கிறதே ஒழிய, கட்டாயப்படுத்தவில்லை. குறிப்புரைகளைப் பற்றி அது சொல்வதையும் முழுதாகப் படியுங்கள்: உங்கள் மொழி தெரியாதவர்கள் இந்த நிரலை ஒருநாளும் படிக்கமாட்டார்கள் என்று 120 விழுக்காடு உறுதி இருந்தாலொழிய ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்கிறது. உடன்தொக்க தொகைக்கு ஒற்று மிகுமா என்று முடிவுசெய்யும் கோப்பைத் தமிழ் தெரியாத ஒருவர் திருத்தப் போவதில்லை என்பதில் எனக்கு அந்த 120 விழுக்காடு உறுதி இருக்கிறது. நிறுவல் நிரல், இணைய இடைமுகம், பொட்டலமாக்கும் பகுதி வேறு கதை. தமிழ் அறியாத நண்பர்கள் அங்கே நல்ல வேலை செய்திருக்கிறார்கள். அந்தப் பகுதிகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், நான் கேட்பது இலக்கண விதிக் கோப்புகள் இருக்கும் விதிகள் அடைவுக்கு மட்டும். அதே பெப் 8, விதியைப் பின்பற்றினால் நிரல் படிக்கக் கடினமாகும் என்றால் அங்கே விதியைத் தள்ளி வைக்கவும் சொல்கிறது. அந்தப் பத்தியை உங்கள் அறிவிப்பில் காணவில்லை.

தமிழ்ப் பெயர்கள் ஏதோ குறுக்குவழி போலவும் அதில் எழுதியிருக்கிறீர்கள். பெயர்களில் ஆஸ்கி அல்லாத எழுத்துகளை அனுமதிக்கும் பெப் 3131 முன்மொழியப்பட்டது 2007-இல். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதல் ஆஸ்கிக்கு வெளியே உள்ள பெயர்கள் மொழியின் முறையான பகுதி. நாம் கோ என்ற நிரல்மொழியில் எழுதியிருந்தால் இந்தக் கோரிக்கையை வைக்கவே முடியாது. அதன் இலக்கணம் பெயருக்குள் உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் ஏற்பதில்லை, 'தமிழ்' என்றுகூட ஒரு மாறிக்குப் பெயர் வைக்க முடியாது. பைத்தானில் அந்தத் தடை இல்லை. இல்லாத தடையை நாமே போட்டுக்கொள்கிறோம்.

பாதுகாப்புக் காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ட்ரோஜன் சோர்ஸ்' தாக்குதலைச் சுட்டியிருந்தீர்கள். வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான திசைக் கட்டுப்பாட்டுக் குறிகளை நிரலுக்குள் ஒளித்துவைத்து, கண் படிப்பது ஒன்றாகவும் இயந்திரம் படிப்பது வேறொன்றாகவும் செய்யும் வித்தை அது. அந்தக் குறிகளை வைக்க வசதியான இடங்கள் குறிப்புரைகளும் சரங்களும் (மேற்கோள்குறிக்குள் வரும் உரைகளும்). நம் சரங்கள் முழுக்கத் தமிழ்தான், நாம் எழுதுவது தமிழ்க் கருவி. பெயர்களிலிருந்து தமிழை நீக்குவதால் இந்த ஆபத்து கொஞ்சமும் குறையவில்லை. திசைக் குறிகளைக் கோப்பு முழுவதிலும் தடைசெய்யுங்கள். தமிழ் இடமிருந்து வலம் போவது, நமக்கு அவை தேவையே இல்லை.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ௧ என்ற தமிழ் எண் க போலவே தெரியும், ௨ உகரம் போல, ௭ எகரம் போல, ௮ அகரம் போல. 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் தட்டலாம். பெயர்களைப் பைத்தான் தானே இயல்பாக்கிக்கொள்ளும், ஆனால் கோப்பில் தேடும்போது அகப்படாது. 'ஔ'வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டினால் எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு சரிபார்ப்பு போதும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டியதில்லை.

லிண்டர் ஒத்துழைக்காது என்பதும் பாதி உண்மைதான். கிளாஸ் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று அது கேட்கிறது, தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? வரிநீளத்திலும் இடிக்கிறது: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, லிண்டர் எண்ணுவது ஐந்து யூனிகோட் குறிகளை. குறிப்புரை திரையில் இன்னும் நீளாதபோதே நீளம் என்று கத்தும். ஆனால் ஒரு குறிப்பிட்ட அடைவுக்கு மட்டும் குறிப்பிட்ட விதிகளைத் தளர்த்தும் வசதி ஃபிளேக்8 என்ற லிண்டரில் இருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி. அதைச் சேர்க்காமல் அத்தனை கோப்புகளையும் மாற்றினீர்கள்.

மாற்றிய விதமும் சரியில்லை. பிளாக் செய்த வடிவமைப்பு, பெயர்மாற்றம், இடையிடையே 'சிறு திருத்தங்கள்' எல்லாம் ஒரே கமிட்டில் கலந்து கிடக்கின்றன. எந்த வரியை யார், ஏன் எழுதினார் என்று மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் பிளேம் வசதியில் கேட்டால் இப்போது எல்லா வரிக்கும் அந்த ஒரே கமிட்தான் பதில். வடிவமைப்பு கமிட்களைப் பட்டியலிட்டுத் தாண்டிப் பார்க்கும் வசதி 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 முதலே இருக்கிறது. ஆனால் தர்க்கத்தையும் தொட்டிருக்கும் ஒரு கமிட்டை எந்தத் துணிவில் அந்தப் பட்டியலில் சேர்ப்பது? திறந்திருந்த புல் ரிக்வெஸ்ட்கள் எல்லாம் மாறிய நிரலோடு பொருந்தாமல் மோதலில் சிக்கின. மாணவர் ஒருவர் பருவத்தேர்வுக்கு இடையே எழுதிய ஆறாம் வேற்றுமைப் பகுதியும் அதில் ஒன்று. "புதிதாக எழுதி அனுப்பவும்" என்று ஒரு வரி போட்டு மூடிவிட்டீர்கள். அவர் இன்னும் திரும்பி வரவில்லை.

நான் கேட்பவை இவை.

எல்லாவற்றுக்கும் முன்னால், எதிர்மறைப் பெயரெச்சத்தின் இரண்டு ஃபங்ஷன்களையும் இரண்டு சோதனைகளையும் பழையபடி பிரித்து, ஒரு திருத்தப் பதிப்பை உடனே வெளியிடுங்கள். கருவியை நம்பிப் பிழையான ஒற்றை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அதன் வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாகச் சொல்லுங்கள். இதற்குப் பாணி பற்றிய முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, விதிகள் அடைவிலும் அதன் சோதனைகளிலும் தமிழ்ப் பெயர்களையும் தமிழ்க் குறிப்புரைகளையும் அனுமதியுங்கள், நீக்கிய பெயர்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்த அடைவுக்கான பாணி விதியையும் எழுத்தில் வையுங்கள்: இலக்கணக் கலைச்சொல் நூலில் உள்ளபடி, யூனிகோட் இயல்பாக்கப்பட்ட வடிவத்தில், தமிழ் எண்கள் இல்லாமல், ஒரே பெயருக்குள் இரு மொழி எழுத்துகளைக் கலக்காமல். இவற்றைச் சரிபார்க்கும் சிறு நிரலை எழுதி வைத்திருக்கிறேன், அனுமதித்தால் இன்றே அனுப்புகிறேன்.

அந்தப் பெரிய கமிட்டைத் திரும்பப் பெற்று, வடிவமைப்பைத் தனியாகவும் மற்ற மாற்றங்களைத் தனியாகவும் மறுபடி இணையுங்கள். வடிவமைப்பு கமிட்டை மட்டும் பிளேம் தவிர்ப்புப் பட்டியலில் சேருங்கள். மூடிய புல் ரிக்வெஸ்ட்களைத் திறந்து, மோதலைத் தீர்க்கும் வேலையை நாமே செய்வோம், பங்களிப்பாளர் தலையில் போட வேண்டாம். ஆறாம் வேற்றுமைப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த மாணவருக்கு ஒரு வார்த்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

விதிகள் அடைவில் எந்த மாற்றம் வந்தாலும் இலக்கணம் தெரிந்த ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் இணைக்கக்கூடாது என்று வையுங்கள். அவருக்கு நிரல் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆசிரியரிடம் நான் பேசிவிட்டேன், பெயர்கள் திரும்பி வந்தால் பார்க்கத் தயார் என்கிறார்.

கடைசியாக, இனி வரும் பாணி விதி எதுவானாலும், இணைப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் எல்லாப் பங்களிப்பாளர்களும் பார்க்கும் இடத்தில் முன்மொழிவாக வையுங்கள். அடுத்த வெளியீட்டுக்கான கிளை பிரியும் முன், இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

சந்தி விதிகள் பகுதியின் பங்களிப்பாளர்